எந்த வேலைக்கு எந்த நிப்பு? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல இங்க் பேனா பத்திக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம், வந்த கடுதாசியில முக்கால்வாசி இங்க்ல எழுதினதுதான், பாத்ததும் அம்புட்டு சந்தோசம். நிறையப் பேர் "எந்தப் பேனா நல்ல பேனா"ன்னு ஒத்தை வரியில கேட்டிருக்கீங்க. அதுக்கு ஒத்தை வரியில பதில் சொல்ல முடியாதுங்க. உடம்பும் மூடியும் பிடிக்கிறதுக்கும் பையில வைக்கிறதுக்கும்தான், எழுதுறது நிப்பு. கடையில பேர் தெரியாம கிடக்குற ஒவ்வொரு விசேஷ நிப்பும் யாரோ ஒருத்தரோட வேலைக்குன்னு வந்ததுதான், கணக்கு எழுதுறவருக்கு ஒண்ணு, பாட்டு எழுதுறவருக்கு ஒண்ணு, படம் போடுறவருக்கு ஒண்ணு. அதனால என்ன எழுதுறேன், எந்தப் பேப்பர்ல எழுதுறேன், கை எப்படிப் போகுதுன்னு சேத்துச் சொன்னவங்க கேள்விய முதல்ல எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: குரூப் ஒன் மெயின்ஸுக்குப் படிக்கிறேன், தமிழ்லதான் எழுதப்போறேன். பழகுறதுக்கு மீடியம் நிப்பு போட்ட பேனா வாங்கினேன். ணை, ஞா, னூ மாதிரி எழுத்துல சுழி அடைஞ்சு பொட்டு வச்ச மாதிரி ஆயிடுது. ஃபைன் வாங்கலாமா? – கல்லூரி மாணவி, திருமங்கலம்

தாராளமா வாங்குங்க, தப்பு உங்க கையெழுத்துல இல்ல. கோடு போட்ட நோட்டுல நாம எழுதுற எழுத்தோட உயரம் மூணு மில்லிமீட்டர்னு வச்சுக்கங்க, அதுல ண-வோட முதல் சுழிக்குக் கிடைக்கிற இடம் ஒரு மில்லிமீட்டர் இருந்தா பெருசு. மீடியம் நிப்போட கோடு சுமாரா 0.7 மில்லிமீட்டர். அந்த ஒரு மில்லிமீட்டருக்குள்ள 0.7 கோடு ஒரு சுத்து சுத்தி வந்தா நடுவுல வெள்ளை எங்க நிக்கும்? இங்கிலீஷ்ல இந்தப் பிரச்சனை கம்மி, நமக்கு சுழி, கொம்பு, மேல புள்ளின்னு சின்ன எடத்துல நிறைய வேலை இருக்கு.

ஆனா ஃபைன்னு மட்டும் கேட்டு வாங்கிடாதீங்க, எந்த நாட்டு ஃபைன்னு பாருங்க. ஜப்பான் பேனா, அதாவது பைலட், செய்லர், பிளாட்டினம், இவங்க ஃபைன் சுமாரா 0.3ல இருந்து 0.4க்குள்ள எழுதும், ஜெர்மனி லாமி, பெலிக்கன் ஃபைன் அதைவிட ஒரு படி பட்டையா இருக்கும், ஜப்பான் மீடியமும் ஜெர்மன் ஃபைனும் ஏறக்குறைய ஒண்ணுதான். ஒரு சின்னக் கட்டத்துக்குள்ள பத்துப் பதினஞ்சு கோடு போட்டு எழுதுற எழுத்து ஜப்பான்காரங்களோடது, அதனால அவங்க நிப்பு மெலிசாவே வளந்திருக்கு, அந்த மெலிசு நம்ம தமிழுக்கும் பாந்தமா பொருந்துது. எக்ஸ்ட்ரா ஃபைன் வரைக்கும் போக வேண்டாம். நுனி சிறுசாக ஆக பேப்பரோட சொரசொரப்பு கைக்குத் தெரியும், மூணு மணி நேரம் விடாம எழுதுறப்ப அது தனி வலி. ஹால் டிக்கெட்ல எந்தப் பேனா, என்ன கலர் இங்க்னு போட்டிருக்கோ அதையும் ஒரு தடவை படிச்சிருங்க.

கேள்வி: அண்ணன் கல்யாணப் பத்திரிகை கவர்ல பேரெல்லாம் நான்தான் எழுதணும்னு வீட்ல சொல்லிட்டாங்க. ஸ்டப், இட்டாலிக்னு ரெண்டு சொல்றாங்க, என்ன வித்தியாசம், எது வாங்க? – வாசகி, அண்ணா நகர், மதுரை

சாதா நிப்போட நுனி உருண்டை, எந்தப் பக்கம் இழுத்தாலும் ஒரே தடிமன். ஸ்டப் நிப்போட நுனி தட்டையா அகலமா வெட்டியிருக்கும், மேலயிருந்து கீழ இழுத்தா முழு அகலமும் பேப்பர்ல பட்டு பட்டைக் கோடு, இடமிருந்து வலம் இழுத்தா மெலிசுக் கோடு. 'ப' எழுதிப் பாருங்க, ரெண்டு பக்கக் காலும் கனமா நிக்கும், அடிக்கோடு நூல் மாதிரி ஓடும், நீங்க அழுத்தவே வேண்டாம். இட்டாலிக்கும் இதே வேலைதான், ஆனா வெட்டின ஓரம் கூரா இருக்கும், மெலிசுக்கும் பட்டைக்கும் வித்தியாசம் இன்னும் எடுப்பாத் தெரியும். கூரா இருக்குறதால வேகமா எழுதினா ஓரம் பேப்பரைக் குத்தும். ரெண்டுக்கும் நடுவுல கர்சிவ் இட்டாலிக்னு ஒண்ணு, ஓரத்தை லேசா மழுக்கியிருப்பாங்க.

உங்களுக்கு 1.1 மில்லிமீட்டர் ஸ்டப் போதும். கவர்ல பேர் எழுதுறப்ப எழுத்து அஞ்சாறு மில்லிமீட்டர் உயரம் வரும், அதுக்கு 1.1 சரியான அளவு, 1.5 எடுத்தீங்கன்னா பழையபடி சுழி அடையும். லாமியில 1.1, 1.5, 1.9 மூணும் உண்டு, நிப்பு மட்டும் தனியாக் கழட்டி மாத்திக்கலாம். பைலட் பேரலல்னு ஒரு பேனா இருக்கு, அதுல நிப்பே ரெண்டு தட்டையான தகடுதான், 1.5ல ஆரம்பிச்சு 6 மில்லிமீட்டர் வரைக்கும் வருது. கவருக்கு அது பெருசு, வாசல்ல ஒட்டுற போர்டு, ஆரத்தித் தட்டுக்குப் பக்கத்துல வைக்கிற அட்டை இதுக்கெல்லாம் பிரமாதமா இருக்கும்.

எழுதுறப்ப பேனாவ விரலுக்குள்ள உருட்டாதீங்க. தட்டை நுனி முழுசும் பேப்பர்ல உக்காரணும், ஒரு மூலை தூக்கிட்டா கோடு பாதியில விட்டுப்போகும். பழக்கத்துலயே உங்க கை பேனாவ ஒரு பக்கமாச் சாய்ச்சு உருட்டுதுன்னா ஆப்லிக்னு ஒரு வகை இருக்கு, நுனியைச் சாய்வா வெட்டினது, அது அந்தக் கைக்குன்னே வந்தது.

இன்னொன்னு, இது ரொம்ப முக்கியம். பளபள கவர்ல இங்க் காயாது, விரல் பட்டா இழுத்துக்கிட்டுப் போயிரும், ஒரு கவர்ல எழுதிப் பாத்துட்டு மொத்தத்தையும் எடுங்க. பேர் எழுதி நல்லா காஞ்சப்புறம்தான் மூலையில மஞ்சள் தடவணும், ஈர மஞ்சள் பட்டா சாதா நீல இங்க் கரைஞ்சு பச்சையா ஓடும்.

கேள்வி: அண்ணாச்சி, எங்க தாத்தா இங்க நிப்புப் பட்டறையில வேலை பாத்தவரு. பரண்ல ஒரு தகர டப்பா நிறைய நிப்பு கிடக்கு, சிலது துருப்பிடிச்சிருக்கு. இப்ப பேனாவுல போட்டா எழுதுமா, இல்ல பழைய இரும்புக்குப் போடலாமா? – வாசகர், சாத்தூர்

பழைய இரும்புக்கு மட்டும் போட்டுறாதீங்க, கும்பிட்டுக் கேட்டுக்கறேன். சாத்தூர்னா இப்ப எல்லாரும் காராச்சேவும் வெள்ளரியும்தான் சொல்றாங்க, ஆனா ஒரு காலத்துல இந்தியா முழுக்க ஸ்கூல் பிள்ளைங்க பேனாவுல இருந்த நிப்புல சாத்தூர் நிப்புக்குப் பெரிய பங்கு உண்டு. வீட்டுக்கு வீடு, தெருவுக்குத் தெரு சின்னச் சின்னப் பட்டறை. பால் பாயிண்ட் பேனா மலிவா வந்து ஊரை நிறைச்சதும் அந்தத் தொழில் அப்படியே சுருங்கிருச்சு.

மெல்லிய தகட்டுல இருந்து நிப்பு வடிவத்தை வெட்டி, நடுவுல ஓட்டை போட்டு, பேர் அச்சடிச்சு, வளைச்சு, கடைசியா நுனியில இருந்து ஓட்டை வரைக்கும் நூலிழை அகலத்துல பிளக்கணும். அந்தப் பிளவுதான் உயிர். அது வழியா இங்க் தானா இறங்குது, நாம அழுத்துறதால இல்ல, ரெண்டு சுவருக்கு நடுவுல நெருக்கமான எடத்துல தண்ணி தானா ஏறி ஓடுற குணத்தால. பிளவு நடு பிசகி ஒரு பக்கம் ஒதுங்கிட்டா அந்த நிப்பு கடைசி வரைக்கும் மக்கர் பண்ணும். உங்க டப்பாவுல முதல்ல இதைத்தான் பாக்கணும். நிப்பை வெளிச்சத்துக்கு நேராப் பிடிங்க, பிளவுக்கு ரெண்டு பக்கமும் இருக்குற கிளை ரெண்டும் நுனிக்கிட்ட தொட்டும் தொடாம இருக்கணும், ஓட்டைப் பக்கம் கொஞ்சம் அகலமாகி வெளிச்சம் கோடாத் தெரியணும். துரு பிளவுக்குள்ள இறங்கினதை ஒதுக்கிருங்க. மேல மட்டும் லேசா இருந்தா துடைச்சுப் பாக்கலாம். பழைய நிப்புல எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், இங்க் ஒட்டாது, பாத்திரம் கழுவுற லிக்விட் ஒரு சொட்டு விட்டுத் தண்ணியில கழுவி நல்லா துடைங்க.

அடுத்து நுனியைப் பாருங்க, சின்ன மணி மாதிரி தனி உலோகம் ஒட்டியிருக்கா, இல்ல தகடே நுனியில மடங்கி உருண்டிருக்கா? ஒட்டியிருந்தா ரொம்ப நாள் உழைக்கும். மடிச்ச நுனி சீக்கிரம் தேயும், தேயறதும் எழுதுறவர் கை சாய்வுக்குத் தக்கனதான் தேயும், அதனாலதான் அந்தக் காலத்து ஆளுங்க பேனாவ அடுத்தவங்களுக்கு இரவல் குடுக்க மாட்டாங்க. கடைசியா, நிப்போட வளைவும், அதுக்குக் கீழ இருந்து இங்க் கொண்டுவர்ற நாக்கோட வளைவும் ஒண்ணா உக்காரணும், நடுவுல சந்து இருந்தா ஒண்ணு இங்க் வராது, இல்ல மொத்தமாக் கக்கும்.

தாத்தாவோட வேலை பாத்தவங்க யாராச்சும் ஊர்ல இருந்தா, டப்பாவ எடுத்துக்கிட்டுப் போய் உக்காந்து கேளுங்க. எந்த மிஷினுக்கு என்ன பேர், ஒரு நாளைக்கு எத்தனை குரோஸ் (குரோஸ்னா 144) ஓடும், பிளக்குறதுக்கு யாரை உக்கார வைப்பாங்க, எல்லாத்தையும் எழுதி வைங்க, அந்த நிப்புலயே எழுதுங்க.

கேள்வி: வீணை சொல்லிக் குடுக்குறேன். மியூசிக் நிப்புன்னு ஒண்ணு இருக்காமே, ஸ்வரம் எழுத அது வாங்கலாமா? – ஆசிரியை, சிம்மக்கல்

வேண்டாம்மா. அது மேல்நாட்டு ஸ்டாஃப் நொட்டேஷனுக்கு வந்தது. அஞ்சு கோட்டு மேல கருப்புப் பொட்டு வைக்கணும், அதுக்கு மெலிசா ஒரு காம்பு போடணும், ரெண்டும் ஒரே பேனாவுல வேகமா நடக்கணும், அதனால நுனி அகலமா இருக்கும். அகலமான நுனிக்கு இங்க் நிறைய வேணும்னு பிளாட்டினமும் பைலட்டும் ரெண்டு பிளவு போட்டு மூணு கிளையா அந்த நிப்பைச் செய்றாங்க, செய்லர் மட்டும் ஒரே பிளவுல முடிச்சிருக்காங்க.

நம்ம ஸ்வரம் எழுத்துதானே, ச ரி க ம. நமக்கு வேண்டியது மேல் ஸ்தாயிக்கு மேல ஒரு புள்ளி, மந்தர ஸ்தாயிக்குக் கீழ ஒரு புள்ளி, ரெண்டாங்காலத்துக்கு மேல ஒரு கோடு. புள்ளி எழுத்தோட ஒட்டிக்கிட்டா ஸ்தாயியே மாறிரும், பிள்ளைங்க தப்பாப் படிக்கும். அதுக்கு ஜப்பான் ஃபைன்தான் கரெக்ட். சாகித்யத்தை மட்டும் கொஞ்சம் எடுப்பா எழுதணும்னா இன்னொரு பேனாவுல 1.1 ஸ்டப் போட்டு வச்சுக்கங்க, ஸ்வர வரியும் சாகித்ய வரியும் கண்ணுக்குத் தனித்தனியாத் தெரியும்.

கேள்வி: என் பையன் இடது கைக்காரன், ஆறாவது படிக்கிறான். மிஸ் இங்க் பேனாவுலதான் எழுதணும்னு சொல்லிட்டாங்க. நோட்டெல்லாம் இழுவி, கையெல்லாம் நீலம். – அம்மா, மேலூர்

பையனைத் திட்டாதீங்க, அவன் மேல ஒரு குத்தமும் இல்ல. தமிழ் இடமிருந்து வலம் போகுது, வலது கைக்காரங்க நிப்பை இழுத்துக்கிட்டுப் போறாங்க, அவன் தள்ளிக்கிட்டுப் போறான். தள்ளுறப்ப நுனி பேப்பரைக் குத்துது, கையும் எழுதின எழுத்து மேலயே போகுது.

மூணு விஷயம் பாருங்க. நல்லா உருண்ட நுனி, ஸ்டப், இட்டாலிக் மாதிரி வெட்டின நுனி எதுவும் இப்போதைக்கு வேண்டாம். லாமியில இடது கைக்குன்னே எல்எச்னு ஒரு நிப்பு வருது. கோடு மெலிசா இருந்தா பேப்பர்ல விழுற இங்க் கம்மி, சீக்கிரம் காயும், அதனால ஃபைன். அதைவிட முக்கியம் நோட்டை வைக்கிற விதம். நோட்டோட மேல் பக்கம் வலது பக்கமாச் சாயுற மாதிரி திருப்பி வச்சு, கை எழுதுற வரிக்குக் கீழயே இருக்குற மாதிரி பழக்குங்க. கொக்கி மாதிரி மணிக்கட்டை வளைச்சு மேலயிருந்து எழுதுறதுலதான் இழுவுறது அதிகம். கொஞ்ச நாள் பென்சில்ல அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்துட்டு அப்புறம் பேனா குடுங்க. மிஸ்கிட்டயும் ஒரு தடவை நேர்ல போய்ச் சொல்லிட்டு வாங்க.

கேள்வி: கீழ மாசி வீதியில மொத்த மளிகைக் கடையில கணக்கு எழுதுறேன். இன்னும் பேரேடு கையாலதான். தாள் மெலிசு, இங்க் ஊறிப் பின்பக்கம் தெரியுது. – வாசகர், மதுரை

உங்களுக்குன்னே செஞ்ச நிப்பு ஒண்ணு இருக்குண்ணே, போஸ்டிங் நிப்பு, பைலட்ல பிஓன்னு போட்டிருக்கும். நுனி லேசாக் கீழ பாத்து வளைஞ்சிருக்கும், விறைப்பா இருக்கும், அழுத்தினாலும் கிளை விரியாது, இங்க்கை சிக்கனமா விடும். பேரேட்டுல சின்னக் கட்டத்துக்குள்ள எண் எழுதுறவங்களுக்காக வந்தது. அந்தப் பேனா வெலை ஜாஸ்தி, இங்க கிடைக்கிறதும் கஷ்டம். அதே வேலைய முக்காவாசி செய்றது பிளாட்டினம் பிரெப்பி 02, வெலை கம்மி, மூடி இறுக்கமா இருக்குறதால நாலு நாள் தொடாட்டியும் காயாது. பில் புக்குல கார்பன் வச்சு எழுதுறதுக்கு மட்டும் பால் பேனாவே வச்சுக்கங்க, இங்க் பேனாவ அங்க அழுத்திக் கெடுத்துக்க வேண்டாம்.

கேள்வி: மதரசாவுல அரபி சொல்லிக் குடுக்குறேன். ஸ்டப் வாங்கி எழுதிப் பாத்தேன், எழுத்து லட்சணமா வரல. – வாசகர், காஜிமார் தெரு

வராது பாய். ஸ்டப் நெடுக்குக் கோட்டைக் கனமாக்கும், அரபிக்கு அழகு படுக்கைக் கோடு கனமா இருக்குறதுலதான். நீங்க தேடுறது ஆர்க்கிடெக்ட் நிப்பு, அரபிக் கிரைண்ட்னும் சொல்வாங்க, ஸ்டப்புக்கு அப்படியே தலைகீழ். இதுல தமிழ் 'ப' எழுதினா காலு மெலிசு, அடிக்கோடு பட்டை. பேரு அப்படி வரக் காரணம், பிளான் போடுற கட்டடக்காரங்க எழுதுற எழுத்தோட சாயல் அதுல வருது.

இது பெரும்பாலும் கம்பெனியில நேரா வர்றதில்ல, பட்டை நிப்பை வாங்கி நிப்பு தேய்க்கிறவர்கிட்ட குடுத்து உருவாக்கணும். செய்லர்ல நகினாதா தோகின்னு ஒரு நிப்பு இருக்கு, நொபுயோஷி நகாஹாரான்னு பெரிய கைகாரர் உருவாக்கினது, பேனாவ நிமித்திப் பிடிச்சா மெலிசு, சாய்ச்சா பட்டை, படுக்கைக் கோடு நெடுக்குக் கோட்டைவிடக் கனமா விழும். வெலை ரொம்ப ரொம்ப ஜாஸ்தி. பிள்ளைங்களுக்குச் சார்ட்டுல எழுதிக் காட்டுறதுக்குன்னா சாய்வா வெட்டின நாணல் பேனா, அதாவது கலம்தான் இன்னைக்கும் முதல் இடம், அதை எந்த உலோக நிப்பும் மிஞ்சல.

கேள்வி: ஆர்க்கிடெக்சர் ரெண்டாம் வருசம். நாயக்கர் மஹால் தூணை உக்காந்து ஸ்கெட்ச் பண்றேன், ஒரே பேனாவுல மெலிசும் தடிமனும் வேணும், பேனா மாத்திக்கிட்டே இருக்க முடியல. – மாணவர், பசுமலை

ஃபூடே நிப்பு வாங்குங்க தம்பி. நுனி மேல பாத்து வளைஞ்சிருக்கும், முதல் தடவை பாக்குறவங்க கீழ விழுந்து வளைஞ்ச பேனான்னுதான் நினைப்பாங்க. ஜப்பான்ல தூரிகை எழுத்தோட சாயலைப் பேனாவுல கொண்டுவர உருவாக்கினது, இப்ப எழுதுறவங்களைவிடப் படம் போடுறவங்கதான் அதிகமா வச்சிருக்காங்க. செய்லர் ஃபூடே தெ மான்னென்ல 40 டிகிரி, 55 டிகிரின்னு ரெண்டு வளைவு வருது, சீனப் பேனாவுலயும் இதே மாதிரி வளைஞ்ச நிப்பு குறைஞ்ச வெலையில கிடைக்குது, பழகுறதுக்கு அது போதும்.

பேனாவ நிமித்திப் பிடிச்சா நுனி மட்டும் படும், மெலிசுக் கோடு, மஹால் வளைவுக்கு மேல இருக்குற சுதை வேலைக்கு இது. படுக்க வைக்க வைக்க வளைஞ்ச பகுதி முழுசும் பேப்பர்ல உக்காந்து மூணு மடங்கு நாலு மடங்கு பட்டையா விழும், தூணோட நிழல் பக்கத்தை ஒரே இழுப்புல மேலயிருந்து கீழ கொண்டுவந்துரலாம். நிப்பைக் கவுத்துப் பிடிச்சாலும் எழுதும், அது இன்னும் மெலிசு. முதல் வாரம் வெறும் கோடா போட்டுப் பழகுங்க, எந்தச் சாய்வுக்கு எவ்வளவு பட்டைன்னு கைக்குத் தெரியணும், கண்ணு தூண் மேலயே இருக்கணும்.

மேல வாட்டர்கலர் அடிக்கிறதா இருந்தா சாதா இங்க் கரைஞ்சு ஓடிரும். பிளாட்டினம் கார்பன் மாதிரி இங்க் பேனாவுக்குன்னே செஞ்ச கார்பன் இங்க் காஞ்சப்புறம் தண்ணிக்கு அசையாது. ஆனா அதை ஊத்தினா பேனாவ தினம் எடுத்து எழுதணும், அப்பப்ப கழுவணும். டிராயிங்குக்கு விக்கிற இந்தியன் இங்க்கை மட்டும் எக்காரணம் கொண்டும் இங்க் பேனாவுல ஊத்தாதீங்க, அதுல அரக்கு சேந்திருக்கும், நாக்குக்குள்ள காஞ்சு ஒட்டிக்கிட்டா எடுக்கவே முடியாது. அதைத் தொட்டெழுதுற நிப்புக்கு வச்சுக்கங்க.

கேள்வி: வீடியோவுல ஃபிளெக்ஸ் நிப்பு வச்சு அழுத்தி அழுத்தி எழுதுறாங்க, பாக்கவே அழகா இருக்கு. நான் சாதா பேனாவுல அழுத்தினேன், நிப்பு வாயைத் திறந்துருச்சு. – வாசகர், உசிலம்பட்டி

அந்த நிப்பு இனி தேறுறது கஷ்டம், புதுசு மாத்திருங்க. ஃபிளெக்ஸ்னா அழுத்துறப்ப கிளை விரிஞ்சு, விட்டதும் பழையபடி மூடிக்கிற நிப்பு. சாதா ஸ்டீல் நிப்பு விரிஞ்சா விரிஞ்சதுதான். ஃபிளெக்ஸ்லயும் கீழ இழுக்குறப்ப மட்டும்தான் அழுத்தணும், மேல ஏத்துறப்பவும் பக்கவாட்டுல போறப்பவும் கை காத்தா இருக்கணும்.

கான்பூர்ல கேன்ரைட்னு ஒரு கம்பெனி, அவங்க ஃபிளெக்ஸ் நிப்பு நம்ம ஊர் வெலையில கிடைக்குது, எபொனைட்னு சொல்ற கெட்டி ரப்பர் நாக்கோட சேத்து வாங்குங்க. கிளை விரியறப்ப இங்க் நிறைய வேணும், நாக்கு ஈடு குடுக்கலைன்னா பட்டைக் கோட்டுக்கு நடுவுல இங்க் அறுந்து ரெட்டைக் கோடா விழும். பைலட்ல எஃப்ஏன்னு ஒரு தங்க நிப்பு ரொம்ப மெதுமெதுன்னு இருக்கும், கை பழகாதவங்க தொட வேண்டிய பொருள் இல்ல. என்னைக் கேட்டா முதல்ல நிப்பு சொருகுற கட்டை ஒண்ணும் ஜி நிப்பும் வாங்கி இங்க்ல தொட்டு எழுதிப் பழகுங்க, ஜப்பான்ல காமிக்ஸ் போடுறவங்க வச்சிருக்கிற நிப்பு அது, கெட்டுப்போனாலும் பெரிய நஷ்டம் இல்ல, எழுதி முடிச்சதும் கழுவித் துடைக்கலைன்னா துரு ஏறிரும்.

தமிழுக்கு ஃபிளெக்ஸ் ஒத்துவருமான்னு நேராவே சொல்லிர்றேன். பத்தி பத்தியா எழுத ஒத்துவராது. அந்த அழகு இங்கிலீஷ் சாய்வெழுத்துல கீழ இறங்குற நீளக் கோட்டை நம்பி வந்தது, நம்ம எழுத்து வட்டம் வட்டமாப் போகுது, அழுத்த இடமே கம்மி. தலைப்பு, பேர், வாழ்த்து அட்டை, இதுக்கு மட்டும் வச்சுக்கங்க, கால் எழுத்தையும் 'ழ'வோட கீழ் இழுப்பையும் நல்லா காட்டலாம்.

கேள்வி: தாத்தாவோட பழைய பேனாவுல தங்க நிப்புன்னு சொல்றாங்க. தெற்கு ஆவணி மூல வீதியில குடுத்தா எடுத்துக்குவாங்களா? – வாசகர், திருப்பரங்குன்றம்

நிப்பு மேல என்ன அடிச்சிருக்குன்னு பாருங்க. 14கே அல்லது 585ன்னு இருந்தா 58.5 சதவீதம் தங்கம், 18கே அல்லது 750ன்னு இருந்தா 75 சதவீதம். வெறும் மஞ்சளா மின்னுதுன்னா அது ஸ்டீலுக்கு மேல முலாம். உண்மையிலயே தங்கமா இருந்தாலும் பெரும்பாலான நிப்பு ஒரு கிராம்கூட வராது, உருக்கினா கைக்கு வர்றது சொற்பம், எழுதுற பேனாவா வித்தாலோ வச்சிருந்தாலோ அதைவிட மதிப்பு. தங்க நிப்புல எழுத்து தானா நல்லா வரும்னு இல்ல, தங்கம் இங்க்ல அரிக்காது, அதுதான் முதல் காரணம். மெதுவா இருக்குமா விறைப்பா இருக்குமாங்கிறது வெட்டின வடிவத்தையும் தகட்டோட கனத்தையும் பொறுத்தது.

கேள்வி: புது நிப்பு கீறுது. சிமெண்ட் தரையில ரெண்டு இழு இழுத்தா சரியாயிரும்னு அப்பா சொல்றார். செய்யலாமா? – வாசகி, வாடிப்பட்டி

அப்பா சொல்றது அந்தக் காலத்துல எல்லாரும் செஞ்சதுதான், ஆனா இப்ப உள்ள நிப்புல வேண்டாம். நுனியில இருக்குற மணி ரொம்பச் சிறுசு, தரையில ஒரு இழுப்புல ஒரு பக்கம் தட்டையாயிரும், போனது திரும்பி வராது.

கீறுற நிப்புல முக்கால்வாசி தேய்க்க வேண்டியதே இல்ல, கிளை ரெண்டும் ஏறி இறங்கி இருக்கும், அம்புட்டுதான். நகைப் பட்டறையில கண்ணுல வச்சுப் பாக்குற பத்து மடங்கு லென்ஸ் ஒண்ணு வாங்குங்க, நிப்போட நுனியை நேருக்கு நேரா முகத்துக்கு எதிர்ல பிடிச்சுப் பாருங்க. ஒரு பாதி உசந்தும் ஒரு பாதி தாழ்ந்தும் தெரியுதா? உசந்த பக்கத்தைக் கட்டைவிரல் நகத்தால மேலயிருந்து மெதுவா அழுத்துங்க, ஒரு நொடி, விட்டுட்டு மறுபடி பாருங்க. ஒரே அழுத்துல சரிபண்ணணும்னு நினைக்காதீங்க, கொஞ்சம் கொஞ்சமா. ஒரு திசையில போறப்ப மட்டும் கீறுச்சுன்னா ஏறக்குறைய இதுதான் காரணம்.

ரெண்டும் சமமா இருந்தும் எல்லாத் திசையிலயும் கீறுச்சுன்னா 12000 நம்பர் மைக்ரோமெஷ், அதாவது ரொம்ப நைசான தேய்ப்புத் துணி, ஒரு துண்டு வாங்கி, பேனாவுல இங்க் இருக்கும்போதே, எழுதுற சாய்வுலயே, அழுத்தாம, எட்டு போடுற மாதிரி நாலு தடவை. துடைச்சுட்டு எழுதிப் பாருங்க. வழவழப்பா வருதுன்னு மறுபடி மறுபடி தேய்க்காதீங்க, பிளவோட ரெண்டு ஓரமும் உள்பக்கமா உருண்டுரும், அப்புறம் இங்க் பேப்பரைத் தொடாது, ஒவ்வொரு வார்த்தைக்கும் முதல் எழுத்து விட்டுப்போகும். கீறலைவிட அது பெரிய தலைவலி.

கேள்வி: இங்க் ஃபில்லர்ல ஊத்துற பேனா, சித்திரை வெயில்ல சட்டைப் பையில வச்சா கக்குது. நிப்பு கோளாறா? – வாசகர், சோழவந்தான்

நிப்பு மேல பழி இல்ல. பேனாவோட உடம்புக்குள்ள இங்க் குறைஞ்ச அளவுக்குக் காத்து நிறைஞ்சிருக்கு, உங்க உடம்புச் சூடும் வெயிலும் பட்டு அந்தக் காத்து விரியறப்ப இங்க்கை நிப்பு வழியா வெளிய தள்ளுது. மூணுல ஒரு பங்குக்குக் கீழ இறங்க விடாதீங்க, அதுக்கு முன்னாடியே நிரப்பிருங்க. பையில நிப்பு மேல பாத்து நிக்கட்டும், எழுத எடுக்குறப்ப நிமித்திப் பிடிச்சபடியே மூடியைத் திறங்க. கழுத்து மரையில லேசா சிலிக்கான் கிரீஸ் தடவி மூடுங்க, வாசலின் வேண்டாம். வண்டி டேங்க் கவர்ல மட்டும் வைக்கவே வைக்காதீங்க. இத்தனை பண்ணியும் கக்குச்சுன்னா, நாக்கும் நிப்பும் ஒட்டி உக்காந்திருக்கான்னு பாருங்க, கழட்டி வெதுவெதுப்பான தண்ணியில கழுவி மறுபடி நேராச் சொருகுங்க. கொதிக்கிற தண்ணி வேண்டாம், எபொனைட்டா இருந்தா நிறம் வெளுத்துரும்.